கண்ணகை கொண்டுவந்த இருமல்

போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் நெடுங்காலம் மருந்து கலக்கிய டிஸ்பென்சரியில் இப்போது இருக்கும் இளம் வைத்தியர் எழுதியிருந்தார். பழைய நோயாளர் பதிவேடுகளை எரிக்கச் சொல்லி உத்தரவாம். எரிப்பதற்கு முன் புரட்டியபோது என் கையெழுத்தில் ஒரு பதிவு கண்ணில் பட்டதாம். “பெயர் கண்ணகை. பெண். வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகள் ஏழு. நாளொன்றுக்குச் சுருட்டு ஆறு. சவரம் செய்யும்போது இருமல் வந்து கன்னத்தில் வெட்டுக்காயம்.” இதை எழுதிய அன்று ஐயாவுக்குச் சுகமில்லையா என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்.

சுகமாகத்தான் இருந்தேன். பதிவில் எழுத்துப் பிழையும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போது நாற்பது வயதுகூட இல்லை, சுருட்டை அவர் கையால் தொட்டதில்லை, சவரத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்பதெல்லாம் உண்மைதான். இதைக் கடிதத்தில் விளக்க முடியாது என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

நான் கல்லடியில் பிறந்தவன். கொழும்பில் இரண்டு வருஷம் மருந்து கலக்கப் படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்த்தே நாற்பது மருந்தின் பெயரைச் சொல்லப் பழகினேன். வேர்த்து ஒழுகினாலும் கழுத்துப்பட்டியை அவிழ்க்காமலிருக்கப் பழகினேன். வெள்ளைக்காரர் காலத்தில், உலக யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நாலு வருஷம் முந்தி என்னை எழுவான்கரையில் ஒரு டிஸ்பென்சரிக்கு அனுப்பினார்கள். எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கரை. வாவிக்கு அப்பால், வயல்களெல்லாம் கிடக்கும் பக்கம் படுவான்கரை. டிஸ்பென்சரி இருந்த ஊரின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். இந்தக் கதையில் வருபவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

அங்கே மருந்து எடுக்க வருபவர் போத்தலைத் தானே கொண்டுவர வேண்டும். சாராயப் போத்தல் வரும், தேன் போத்தல் வரும், ஒருமுறை கோயில் விளக்குக்கு எண்ணெய் வைத்த போத்தலும் வந்தது. நான் கழுவி, மணந்து பார்த்து, மருந்தை ஊற்றுவேன். பிறகு ஒரு கடதாசிக் கீலத்தை எடுத்து அதன் ஓரத்தில் வேளைக்கு ஒரு பல்லாக வெட்டி, சோற்றுப் பசை தடவிப் போத்தலில் ஒட்டுவேன். மருந்து ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை முடிந்தது என்று கணக்கு. இருமல் மருந்து மண்ணிறமாக ஒரு பெரிய சாடியில் இருக்கும். அதன் சத்தெல்லாம் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் குடித்தால் கடைசி வேளைவரை வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, கடைசி வேளையில் முழு மருந்தையும் குடிக்க வேண்டி வரும். ஆகவே போத்தலைக் கையில் கொடுக்கும்போது “குலுக்கிக் குடியுங்க” என்று மூன்று தரம் சொல்வேன்.

டாக்டர் இல்லாத ஊர்களில் நோயாளரைப் பார்ப்பவர் அப்போதிக்கரி; என் மேலதிகாரியான அப்போதிக்கரி அம்பலவாணர் ஐயா யாழ்ப்பாணத்தவர். மெலிந்த உயர்ந்த மனிதர். வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாக அல்ல, கீழிருந்து மேலாகப் பூட்டுவார். அவரிடம் பதினொரு கேள்விகள் இருந்தன. யார் வந்தாலும், காலில் முள் குத்தி வந்தாலும், அந்தப் பதினொன்றையும் அதே ஒழுங்கில் கேட்பார். மறுமொழியை நான் பதிவேட்டில் எழுதுவேன். கேள்வி முடியும்வரை அவர் நோயாளியை நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

“முகத்தைப் பாத்தால் கேள்வி மாறிப்போகும் தம்பி” என்பார்.

கேள்வி முடிந்ததும் கை கழுவுவார். இடது கை நடுவிரலை நோயாளியின் முதுகில் பதித்து, வலது கை விரல் நுனியால் அதன்மேல் தட்டுவார். ஓரிடத்தில் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டு ஒருநாளும் இல்லை. “மூண்டாந்தரம் தட்டினால் எங்களுக்கு விருப்பமான சத்தம் கேக்கத் தொடங்கும்.” அதன்பிறகுதான் காதில் குழாயை மாட்டுவார்.

அவருடைய மேசையில் திணைக்கள விதிப்புத்தகம் ஒன்று வெள்ளைத் துணியால் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். எனக்கு ஒருநாள் லீவு வேண்டுமென்றாலும் துணியை அவிழ்த்து, விதியைக் கண்டுபிடித்து, எனக்கு வாசித்துக் காட்டிய பிறகே தருவார். விதியில் இல்லாத ஒன்றை அவர் செய்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை தவிர.

படுவான்கரையில் கணபதிப்போடியார் என்று ஒருவர் இருந்தார். பெரிய வயற்காரர், வட்டை என்கிற வயல்வெளி ஒன்றில் பாதி நிலம் அவருடையது. வயலுக்கு அடுத்தபடியாக அவர் நேசித்தது பெட்டிசம், அதாவது மேலிடத்துக்கு முறைப்பாட்டு மனு எழுதுவது. தபாற்காரர் மேல் பெட்டிசம், தோணித்துறை மேல் பெட்டிசம், மழை அளக்க வைத்த வாளியின் மேலும் ஒரு பெட்டிசம். எங்கள் மேல் மூன்று எழுதியிருந்தார். முதலாவது, நோயாளிகள் வெயிலில் காத்திருக்கிறார்கள் என்பது. அது நியாயம். இரண்டாவது, அப்போதிக்கரி யாழ்ப்பாணப் பேச்சில் கேள்வி கேட்பதால் எங்கள் சனத்துக்குத் தங்கள் நோய் இன்னதென்று விளங்குவதில்லை என்பது. மூன்றாவதில் இப்படி இருந்தது: “மேற்படி இருமல் மருந்தில் ஒரு போத்தலை எனது எருமை மாட்டுக்குப் பருக்கினேன். அதற்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆகவே அது சாயத்தண்ணீர் என்பது ரூபகாரமாகிறது.”

மேலிடம் விளக்கம் கேட்டது. அம்பலவாணர் ஐயா நாலு பக்கத்தில் விளக்கம் எழுதினார். போத்தல் குலுக்கப்பட்டதா என்பது பெட்டிசத்தில் இல்லை என்றும், மேற்படி எருமை பதிவேட்டில் பதியப்படாதபடியால் அதன் சுகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது என்றும் எழுதினார். அதை எழுதும்போது அவர் சிரிக்கவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் கண்ணகை வந்தார். கையில் சுத்தமாகக் கழுவிய போத்தல். வாங்கில் அமர்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார். ஐயா தலையைக் குனிந்தபடி ஆரம்பித்தார்.

“பேர்?”

“கண்ணகை.”

“வயசு?”

“அம்பத்தெட்டு.”

நான் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். தலையில் ஒரு நரை இல்லை. ஐயா மேலே போய்க்கொண்டிருந்தார், நானும் எழுதினேன்.

“பிள்ளையள்?”

“ஏழு.”

“என்ன வருத்தம்?”

“இருமல் ஐயா. நாலு மாசமா நிக்குதில்ல.”

“ஒருக்கால் இருமுங்கோ பாப்பம்.”

கண்ணகை கண்ணை மூடினார். ஏதோ நினைவுக்குக் கொண்டுவருபவர்போல் சற்று இருந்தார். பிறகு இருமினார். அந்த இருமல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவழியில் எதிலோ தடக்கி, கடைசியில் பழைய கதவு திறபடுவதுபோல் இழுபட்டு முடிந்தது. கனத்த ஆண்குரல். வெளியே வாங்கில் இருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“நெஞ்சு நோகுதோ?”

“வலப்பக்கம் ஐயா, விலாவுக்குக் கீழ. வரம்பில ஏறக்குள்ள குத்துது. இடப்பக்கம் சரிஞ்சு படுக்க ஏலாது.”

“புகைக்கிறனீங்களோ?”

“ஓம் ஐயா. சுருட்டு. ஒரு நாளைக்கு ஆறு. கலியாண வீடென்டா கூடும்.”

“வேறை ஏதும்?”

“முந்தநாள் சவரஞ் செய்யக்குள்ள இருமல் வந்து கன்னத்தில வெட்டிப்போட்டுது.”

அம்பலவாணர் ஐயா நிமிர்ந்தார். பதினொரு கேள்வி முடியுமுன் அவர் நிமிர்ந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

“ஆருக்குச் சவரம் செய்தது?”

கண்ணகை போத்தலை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“எங்கட போடியாருக்கு ஐயா. கணபதிப்போடியார்ர பொஞ்சாதி நான். அவர் செத்தாலும் இஞ்ச வரமாட்டார். எழுதின எழுத்து அவர விடாது. நான் வந்தது தெரிஞ்சாலும் விடமாட்டார். ஏழு புள்ளைகள் ஐயா. கடைக்குட்டிக்கு இன்னும் பால் பல்லே விழல்ல.”

எருமைக் கதை எழுதிய மனிதர். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஐயா எழுந்து கை கழுவினார். விதிப்புத்தகத்தின் துணியை அவிழ்த்தார். அரை மணித்தியாலம் வாசித்தார். வெளியே காய்ச்சற்காரர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் புத்தகத்தை மூடினார். “வராத நோயாளியைப் பாக்கக் கூடாதெண்டு ஒரு இடத்திலையும் இல்லை. வராத ஆளைப் பற்றி விதியே இல்லைத் தம்பி. எழுதினதை வெட்டாதையும். இருமின ஆளின்ரை பேரிலையே கிடக்கட்டும்.”

இளம் வைத்தியர் கண்ட பதிவு அப்படி வந்ததுதான்.

நான் மருந்து ஊற்றி, பல் வெட்டி, ஒட்டிக் கொடுத்தேன். கண்ணகை அந்தக் கடதாசியை வழியிலேயே உரித்துவிட்டு, ஊரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியாரின் கஷாயம் என்று சொல்லிப் புருஷனுக்குக் கொடுத்தாராம். போடியார் குடித்துவிட்டு, “இதுதான் மருந்து! அந்தச் சாயத்தண்ணிக்காரன் இதக் குடிச்சுப் பாக்கணும்” என்றாராம். அடுத்த தரம் வந்தபோது கண்ணகை இதை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு சொன்னார். ஐயா என்னை எழுதச் சொன்னார்: “நோயாளிக்கு மருந்தில் நம்பிக்கை உண்டு.”

ஆனால் நோய் மாறவில்லை. கண்ணகை வாரத்துக்கு இரண்டு தரம் தோணியில் வாவியைக் கடந்து வந்து இருமிக் காட்டுவார். இருமல் மாறிக்கொண்டே வந்தது. ஒருநாள் கடைசியில் ஒரு விசில் சேர்ந்தது. இன்னொரு நாள், போடியார் துப்புவது நாறுகிறது, உடம்பு வற்றிக்கொண்டு போகிறது, இடுப்பில் வேட்டி நிற்பதில்லை என்றார். ஐயா அன்று மருந்து எழுதவில்லை.

“எனக்கு அந்த முதுகு வேணும் பிள்ளை” என்றார். “இருமலை நீர் கொண்டு வாறீர். முதுகைக் கொண்டு வர ஏலுமோ?”

அன்று கண்ணகைக்குத் தட்டப் பழக்கினார். முதலில் வெறும் மண்பானையில் தட்டச் சொன்னார். பிறகு பாதிக்குத் தண்ணீர் விட்டு, மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்து, சத்தம் எங்கே செத்துப்போகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். கண்ணகை இரண்டாவது முயற்சியிலேயே தண்ணீர் மட்டத்தைச் சரியாகக் காட்டினார். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற பெண்களுக்கு இது பெரிய வித்தையல்ல. மூன்றாவதாக என் முதுகு. நான் சேட்டைக் கழற்றிவிட்டு மேசையில் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே முதுகில் கூச்சம் அதிகம். கண்ணகை தட்டத் தட்ட நான் நெளிந்தேன். ஐயா, “நோயாளி அசையக் கூடாது” என்று அதட்டினார். நான் நோயாளியல்ல என்றேன். “இப்ப நீர்தான் போடியார்” என்றார்.

அந்த வாரம் ஒருநாள் மத்தியானம் போடியார் குளிக்கப் போகுமுன் கண்ணகை முதுகுக்கு எண்ணெய் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் தட்டினார். “என்ன, மேளமா அடிக்கிறாய்?” என்று போடியார் கேட்டாராம். “எண்ணெய் உள்ளுக்கு இறங்க வேணாமா” என்றாராம் இவர். அடுத்தநாள் காலை வந்து நின்று, தன் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

“வலப்பக்கம் அடியில நாலு விரலுக்குச் சத்தம் இல்ல ஐயா. தண்ணிப்பானை மாதிரி. ரெண்டு தரந்தான் தட்டினன். மூண்டாந்தரம் தட்டல்ல.”

ஐயா தன் நாலு விரலைச் சேர்த்து அளவு பார்த்தார். பிறகு, “அவர் வரவேணும் பிள்ளை. இனி உம்மாலை ஏலாது” என்றார்.

“வரமாட்டார் ஐயா.”

“வராட்டி மழைக்காலம் காணமாட்டார்.”

கண்ணகை வாசற்படியில் போய்க் குந்தினார். தோணிக்கு நேரமாகிறது என்று யாரோ கூப்பிட்டும் எழும்பவில்லை.

போடியாரை வரவைத்தது நாங்கள் அல்ல, தோணியில் வந்த சனம். கண்ணகை ஒவ்வொரு முறை வரும்போதும் இருமலை மறந்துவிடாமலிருக்கத் தோணியில் இரண்டு மூன்று தரம் இருமிப் பார்ப்பார். கூட வந்தவர்கள் முதலில் விலகி இருந்தார்கள். பிறகு அவரைத் தோணியின் முன்முனையில் தனியே இருத்தினார்கள். கடைசியில், போடியார் பெண்சாதிக்குக் கசம் என்று படுவான்கரை முழுக்கக் கதை பரவியது. கசம் என்றால் நெஞ்சு அரித்துச் சாகிற நோய். அந்த நாளில் அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொல்லவே பயப்படுவார்கள். ஒருநாள் சவரக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே போடியாரிடம் அனுதாபம் தெரிவித்தார். பாதிச் சவரத்தோடு போடியார் எழும்பிவிட்டாராம்.

மறுநாள் காலை நான் கதவு திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். தோளில் சரிகைச் சால்வை, கையில் குடை, ஒரு கன்னத்தில் மட்டும் மயிர். பக்கத்தில் கண்ணகை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போடியாரை முன்பு கண்டதில்லை. ஆனால் அவர் இருமியதும் ஆளை அடையாளம் கண்டுகொண்டேன். அச்சொட்டாக அதே இருமல். கடைசியில் விசில்கூட இருந்தது.

உள்ளே வந்தவர் அம்பலவாணர் ஐயாவுக்கு முன்னால் நின்று குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான் உங்களப் பத்தி எழுதினது எழுதினதுதான். ஒரு எழுத்தும் மாத்தமாட்டன். அது வேற. இவளுக்குக் கசமாம். ஊரெல்லாம் சொல்லுது, எனக்குத்தான் தெரியாது. என்ட மேல இருக்கிற கோவத்த இவள்ல காட்டிப்போடாதீங்க. என்ன மருந்தென்டாலும் குடுங்க.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு தரம் இருமினார்.

“அவ வீட்டிலை இருமுறவவோ?” என்று கேட்டார் ஐயா.

“இல்ல. என்னட்ட மறைச்சிட்டாள்.” போடியாருக்குக் குரல் உடைந்தது. “தோணியில போய் இருமிட்டு வந்திருக்காள்.”

கண்ணகை ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா கையை உயர்த்தித் தடுத்தார். நேரே விதிப்புத்தகத்திடம் போனார். துணியை அவிழ்த்தார். நடுப்பக்கம் ஒன்றை விரித்து விரலை வைத்தார்.

“போடியார், நாப்பத்தேழாம் விதி, இரண்டாம் பிரிவு. கசம் எண்டு சந்தேகப்பட்ட ஆளைப் பாக்க முதல், ஒரு கூரைக்குக் கீழை இருக்கிற புருஷனைப் பாக்கவேணும். புருஷனைப் பாக்காமல் பெண்சாதிக்கு மருந்து குடுக்க எனக்கு அதிகாரமில்லை.”

அவர் பின்னால் நான் நின்றேன். அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது. அதில் புருஷனும் இல்லை, பெண்சாதியும் இல்லை. என் முகத்தில் ஏதும் தெரிந்துவிடும் என்று பயந்து நான் சாடியைக் குலுக்கத் தொடங்கினேன்.

“விதியா?” என்றார் போடியார்.

“விதி.”

“அப்ப பாக்கத்தான் வேணும்” என்று சொல்லிச் சால்வையை எடுத்து என்னிடம் தந்தார். அவர் மனிதருக்குப் பணிய மாட்டார். அச்சடித்த எழுத்துக்குப் பணிவார்.

ஐயா கை கழுவினார். முதுகில் விரலைப் பதித்துத் தட்டினார். நாலு விரல் அளவு, கண்ணகை காட்டிய அதே இடம். ஐயா கண்ணகையைத் திரும்பிப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார். பிறகு குழாயை வைத்தார். இடமும் வலமும் மாறி மாறி வெகுநேரம் கேட்டார்.

“வாவிக்குள்ள துடுப்ப ஊண்டி மீன்பாட்டுக் கேக்கிற மாதிரிக் கேக்குறீங்க” என்று எங்கள் வாவியில் பாடுகிற மீன்களைச் சொன்னார் போடியார். “என்ன சொல்லுது?”

“வலப்பக்கத்திலை பாட்டில்லை. விசில்தான் கேக்குது, அதுவும் ஒரு பக்கத்திலை மட்டும், ஏதோ அடைச்சுக் கிடக்கு. அஞ்சாறு மாசத்துக்கு முதல் ஏதும் புரைக்கேறினதோ?”

கண்ணகைதான் பேசினார்.

“கோயில் வாசல்ல பெட்டிசம் வாசிக்கக்குள்ள புரைக்கேறினது ஐயா. வாயில வெத்திலை. அந்த எருமைக் கதை வந்த இடத்தில இவருக்கே சிரிப்பு அடக்க ஏலாமப் போயிட்டு. கண்ணெல்லாம் பிதுங்கி, தலையில தட்டி, மறுகா தண்ணி குடுத்துத்தான் ஆள் மிச்சம்.”

“பாக்கு?”

“ஓம். கொட்டைப்பாக்கு.”

அம்பலவாணர் ஐயா விதிப்புத்தகத்தை மறுபடி எடுத்து இன்னொரு பக்கம் புரட்டினார். “மூண்டாம் பிரிவு” என்றார். “மேற்படி புருஷனைத் தலைகீழாய்ப் பிடிக்கவேணும்.”

வாங்கின்மேல் போடியாரைக் குப்புறப் படுக்க வைத்தோம். தலையும் நெஞ்சும் கீழே தொங்க, இடுப்பு மேலே, வாய்க்கு நேரே கீழே ஒரு பீங்கான் கோப்பை. நான் காலைப் பிடித்தேன். ஐயா முதுகில் உள்ளங்கையைக் குவித்து அடித்தார். வாசலில் போத்தலோடு நின்ற சனம் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. படுவான்கரைப் போடியாரை அப்போதிக்கரி அடிக்கிறார், எருமைக்குப் பதில் கொடுக்கிறார் என்று யாரோ வெளியே சொன்னது எனக்குக் கேட்டது. போடியார் தலைகீழாகவே, “இதெல்லாம் விதியில கிடக்கா?” என்று கேட்டார். “கிடக்கு” என்றார் ஐயா. வேர்வை அவருடைய மூக்கு நுனியில் நின்றது. போடியாருக்கு முகம் கறுத்துக்கொண்டு வந்தது. மூச்சு வரவில்லை. என் கையில் இருந்த கால் துடித்தது. கண்ணகை ஓடிவந்து அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, “இருமுங்க! என்னப்போல இருமுங்க!” என்று கத்தினார்.

போடியார் இருமினார். நாற்றமெடுத்த சளியும் சீழும் ஒரு கிண்ணத்துக்கு மேல் வந்தது. அதோடு, ஒரு பட்டாணி அளவில், கறுத்துப்போன பாக்குத்துண்டு கோப்பையின் விளிம்பில் பட்டு டக் என்றது.

நான் காலை விட்டுவிட்டேன். அது பிழைதான், அவர் வாங்கிலிருந்து சரிந்து என்மேல் விழுந்தார்.

வாய் கொப்பளித்து, தண்ணீர் குடித்து, அரைமணி நேரம் கழித்துப் போடியாருக்குப் பேச்சு வந்தது. முதலில் கேட்டது, “இவளுக்குக் கசமா?” என்றுதான்.

“அவவுக்கு இருமலே இல்லை. அவ இஞ்சை கொண்டுவந்து காட்டினது உங்கடை இருமலை.”

போடியார் பெண்சாதியைப் பார்த்தார். “என்ட இருமலா? எங்க, இருமு பாப்பம்.”

கண்ணகை இருமிக் காட்டினார். போடியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். “சே, நான் இவ்வளவு மோசமா இருமுறதில்ல” என்றார். அதன்பிறகு சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அது இருமலல்ல.

சீழ் முழுக்க வற்ற வேண்டும் என்று ஐயா அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தார். உடம்பு தேறியிருந்தது. நேரே டிஸ்பென்சரிக்கு வந்து, என்னைத் தனியே அழைத்து, ஒரு கடதாசிக் கட்டைக் கையில் வைத்தார். நாலாவது பெட்டிசத்தின் பிரதி.

“தம்பி, ஆஸ்பத்திரியில சும்மா கிடக்க ஏலாம விதிப்புத்தகத்த வாங்கி வாசிச்சன். நாப்பத்தேழாம் விதி கிணத்துக்கட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதப் பத்தி. மூண்டாம் பிரிவே இல்ல.”

“போடியார், ஐயா உங்கட உயிரக் காப்பாத்தினவர்.”

“ஓம். அதையும் எழுதியிருக்கன், ரெண்டாம் பக்கத்தில. அது வேற, இது வேற. இல்லாத விதியச் சொல்லி ஒரு மனிசன உயிர் பிழைக்க வெச்சா, நாளைக்கு இல்லாத விதியச் சொல்லிச் சாகவும் வைப்பாங்க. நான் அதத்தான் கேக்கிறன்.”

நான் பிரதியை விதிப்புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒரு துரை வந்தார். வெள்ளை உடுப்பு, கூட ஒரு கிளாக்கர். போடியாரிடம், “உம்முடைய முறைப்பாடு நீர் சுகமானதைப் பற்றியா?” என்று மூன்று விதமாகக் கேட்டார். போடியார் மூன்று தரமும், “சுகத்தப் பத்தி எனக்கு முறைப்பாடில்ல, சுண்ணாம்பப் பத்தித்தான்” என்றார். பிறகு துரை ஐயாவிடம், அப்படி ஒரு விதி உண்டா என்று கேட்டார். ஐயா எழுந்து நின்றார்.

“இல்லை. நான் உண்டாக்கினது.”

“ஏன்?”

“அவர் என்னை நம்பமாட்டார். அந்தப் புத்தகத்தை நம்புவார். எனக்கு வேறை மருந்து தெரியேல்லை.”

கிளாக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் துரையைப் பார்த்தார். துரை ஜன்னலைப் பார்த்தார். எழுதும்படி தலையாட்டினார்.

ஒரு மாதத்தில் ஐயாவுக்கு மாற்றம் வந்தது. வன்னிப் பக்கத்துக் காட்டூர் ஒன்று. செய்தி படுவான்கரைக்குப் போன அன்றே போடியார் ஓடிவந்தார். முகம் செத்திருந்தது. “நான் விளக்கந்தானே கேட்டன்? ஆள மாத்தச் சொல்லல்லயே?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றே ஐந்தாவது பெட்டிசம் எழுதினார், அம்பலவாணர் ஐயாவை எங்களுக்கே விட்டுவைக்கச் சொல்லி.

ஆனால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் குற்றம் எழுதியே பழகியவர். புகழ எந்த வசனமும் அவர் கையில் இருக்கவில்லை. பிரதியை நான் வாசித்தேன். “மேற்படி அப்போதிக்கரி சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடுவதில்லை. சாகத் தயாராக இருப்பவர்களையும் சாக விடுவதில்லை. வராத நோயாளியையும் விட்டுவைப்பதில்லை. கேட்ட கேள்வியையே ஆயிரம் தரம் கேட்கிறார். இவர் விஷயத்தில் அரசாங்கம் உடனே கவனம் செலுத்த வேண்டும்.” கடைசியில், “இப்படிப்பட்டவரை வேறு ஊருக்கு அனுப்புவது அந்த ஊருக்குச் செய்யும் உபகாரம், எங்களுக்குச் செய்யும் அநியாயம்” என்று இருந்தது. அதுவரைக்கும் யாரும் வாசித்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். மேலிடம் உடனே கவனம் செலுத்தியது. ஐயா புறப்பட வேண்டிய திகதி இரண்டு கிழமை முன்னால் வந்தது.

அவர் போன காலை, பெட்டியும் படுக்கையும் தெருவோரம் வைத்துப் பஸ்ஸுக்கு நின்றோம். போடியாரும் கண்ணகையும் முதல் தோணியில் வந்து சேர்ந்தார்கள். கண்ணகை ஓலைப்பெட்டி நிறைய அவல் கொண்டுவந்திருந்தார். போடியார் வெகுநேரம் குடையால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றார்.

“நான் நல்லதாத்தான் எழுதினன் ஐயா.”

“வாசிச்சனான் போடியார். ஒரு பிழையுமில்லை. அவ்வளவும் உண்மை.”

பஸ் வந்தது. ஐயா கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பூட்டிக்கொண்டு ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் ஏதோ மாறிப்போகும் என்று நினைத்திருப்பார். தூசி அடங்கியதும் போடியார் என்னிடம் கேட்டார்.

“தம்பி, அந்தக் காட்டூரில பெட்டிசம் எழுதுற ஆக்கள் இருப்பாங்களா?”

“எல்லா ஊரிலயும் இருப்பாங்க போடியார்.”

“அப்ப சரி” என்றார். “ஆள் தனிச்சுப் போகமாட்டார்.”

கண்ணகை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் கதவைத் திறக்கப் போனேன். புது அப்போதிக்கரி வர இன்னும் மூன்று நாள் இருந்தது. வாசலில் பதினெட்டுப் பேர் போத்தலோடு நின்றார்கள்.